கொட்டில் இசைக்குழு ஒன்றின் பழைய கசெற்றுகளைத் தொகுத்து மீள்வெளியிடும் முறை

மட்டக்களப்புக் கல்லடியில் என் மாமாவின் வீட்டு அலுமாரியில், ஒரு பிஸ்கற் ரின்னுக்குள் 11 கசெற்றுகள் இருந்தன. அவரும் நான்கு கூட்டாளிகளும் 1977 முதல் 1983 வரை நெல் மூடை அடுக்கும் ஒரு கொட்டிலில் பயிற்சி செய்து, கோவில் திருவிழாக்களிலும் கலியாண வீடுகளிலும் வாசித்த பாடல்கள் அவற்றில் பதிந்திருந்தன. அவர்கள் முதன்முதலில் பதிந்த ஒரேயொரு சுருள்நாடாவை 1978 நவம்பர் 23 அன்று அடித்த சூறாவளி கொண்டுபோனது. கரையோரத்தில் குடியிருந்த டிரம்ஸ்காரரின் வீட்டிலிருந்த பிரதிகள் 2004 சுனாமியில் போயின. எஞ்சிய 11 கசெற்றுகளிலிருந்து 14 பாடல்களைத் தெரிந்து ஒரு தொகுப்பாக வெளியிட எங்களுக்கு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் பிடித்தன. மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் இப்படியான ரின்கள் இன்னும் பல வீடுகளில் இருக்கும் என்று நம்புவதால், அந்த இரண்டு ஆண்டுகளில் கற்றவற்றை இங்கே எழுதுகிறேன்.

மேற்கு நாடுகளில் 1960களின் நடுப்பகுதியில், வீட்டு கராஜுக்குள் பயிற்சி செய்த இளைஞர் குழுக்கள் மலிவான கிற்றார்களையும் திணறும் அம்பிளிஃபயர்களையும் வைத்துக்கொண்டு வாசித்த இசைக்குப் பின்னாளில் ‘கராஜ் ராக்’ என்று பெயர் வந்தது. அந்தக் குழுக்களிற் பல ஒன்றிரண்டு சிறிய இசைத்தட்டுகளுடன் கலைந்துபோயின. அவற்றை மறதியிலிருந்து மீட்டவை தொகுப்புகளே. லெனி கே என்பவர் 1972 இல் எலெக்ட்ரா நிறுவனத்துக்காக 27 பாடல்களைச் சேர்த்து உருவாக்கிய ‘நக்கெட்ஸ்’ என்ற இரட்டைத் தட்டு அவற்றில் முதன்மையானது. 1998 இல் ரைனோ நிறுவனம் அதை 118 பாடல்கள் கொண்ட நான்கு இறுவட்டுகளாக விரித்து மீள்வெளியிட்டது. பெரு நாட்டின் லிமா நகரில் 1964 இல் தோன்றிய ‘லோஸ் சைக்கோஸ்’ குழு பதிந்தவை மொத்தம் ஆறு சிறிய தட்டுகள், பன்னிரண்டு பாடல்கள் மட்டுமே. ஆனாலும் அந்தப் பன்னிரண்டையும் ஒருசேர மீள்வெளியிட்ட பிறகு உலகம் அவர்களைத் திரும்பிப் பார்த்தது. ஆகவே, உங்களிடம் இருப்பவை குறைவு என்று தயங்க வேண்டியதில்லை.

நம் பக்கத்துக் குழுக்கள் அந்த இசையை அப்படியே வாசித்தவை அல்ல. நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் போன்றவர்கள் இலங்கையில் தமிழ்ப் பொப் பாடல்களைப் பரப்பிய காலத்தின் பிள்ளைகள் அவர்கள். மட்டக்களப்பில் பறங்கியர் வீட்டுக் கலியாணங்களில் வயலினும் கிற்றாரும் ஒலித்ததைக் கேட்டு வளர்ந்தவர்களும் அவர்களில் இருந்தனர். ஆயினும் கொட்டில், கடன் வாங்கிய கிற்றார், பழைய வால்வு றேடியோவை அம்பிளிஃபயராக மாற்றியதால் வந்த கரகரப்பு ஆகிய எல்லாம் சேர்ந்து தருகிற உணர்வு ஒன்றுதான். அந்தக் கரகரப்பையும் பிழைகளையும் பாதுகாத்துக் கொடுப்பதே தொகுப்பாளரின் வேலை என்பது என் உறுதியான கருத்து. கசெற்றை அதற்குரிய வேகத்தில், அதற்குரிய தலைச்சாய்வில் (நாடாவின் ஒலியைப் படிக்கும் தலை நிற்கும் கோணத்தில்) ஓடவிட்டால், திருத்த வேண்டியது மிகக் குறைவாகவே எஞ்சும்.

கசெற்றைத் தொடுவதற்கு முன்

முதல் வேலையாக ஒவ்வொரு கசெற்றினதும் மேல் விளிம்பில் உள்ள இரண்டு சிறிய பிளாஸ்ரிக் தகடுகளை உடைத்துவிடுங்கள். அவை இல்லாத கசெற்றில் எவரும் தவறுதலாக ஒலிப்பதிய முடியாது. பிறகு கசெற்றின் இரு பக்கங்களையும், உறையையும், உள்ளே மடித்து வைத்த தாளையும் படம் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் இலக்கம் கொடுங்கள். மங்கிப்போன பென்சில் எழுத்தைப் பயனற்றது என்று எண்ணிவிட வேண்டாம். எங்களுக்கு இரண்டு பாடல்களின் ஆண்டை உறுதிப்படுத்தியது அப்படியான ஓர் எழுத்துத்தான்.

கசெற்றின் சாளரத்தின் வழியே தெரியும் நாடாச் சுருளின் விளிம்பில் வெள்ளைத் தூள் போல ஏதாவது தென்பட்டால் அது பூஞ்சணம். அத்தகைய கசெற்றை ஓட்டக்கூடாது. ஓட்டினால் பூஞ்சணம் கருவியின் தலைக்கும், அங்கிருந்து அடுத்த கசெற்றுக்கும் போய்ச் சேரும். முகக்கவசம் அணிந்து, திறந்த வெளியில் வைத்து, மென்மையான தூரிகையால் விளிம்பை மட்டும் துடைத்து, சிலிக்கா ஜெல் பொதிகளுடன் மூடிய பெட்டியில் சில வாரங்கள் உலரவிட வேண்டும். காற்றின் ஈரப்பதன் 65 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சணம் வளரத் தொடங்கும் என்பதால், மாரி மழைக் காலத்தில் நம் ஊரில் இந்த வேலையைத் தொடங்குவது வீண். கச்சான் காற்று வீசும் ஆனி, ஆடி மாதங்களே இதற்கு ஏற்றவை. கச்சான் கொண்டுவரும் புழுதிக்காக யன்னலை மட்டும் சாத்திவைத்துக் கொள்ளுங்கள்.

நாடாவைத் தலையுடன் அழுத்திப் பிடிக்கும் சிறிய கம்பளித் துண்டு பழைய கசெற்றுகளில் உதிர்ந்து போயிருப்பது வழக்கம். அது இல்லையென்றால் ஒலி தூரத்தில் கேட்பதுபோல மங்கிவிடும். ஐந்து திருகாணிகள் போட்ட நல்ல கசெற் ஒன்றை வாங்கி, அதன் கூட்டுக்குள் பழைய நாடாவை மாற்றி வைக்கலாம். பழைய கூடு திருகாணி இல்லாமல் ஒட்டப்பட்டதாக இருந்தால், பொருத்து வழியே மெல்லிய கத்தியை நுழைத்து மெதுவாகப் பிளக்க வேண்டியிருக்கும். மதிப்பில்லாத ஒரு கசெற்றில் இரண்டு முறை பழகிவிட்டு மாமாவின் கசெற்றைத் தொடுங்கள்.

கருவியும் தலைச்சாய்வும்

கசெற் ஓட்டும் கருவி நல்லதாக இருக்க வேண்டும் என்பதில் விட்டுக்கொடுப்பு இல்லை. கசெற்றை நேரே கணினியுடன் இணைக்கும் மலிவான சிறு பெட்டிகள் இப்போது கிடைக்கின்றன. அவற்றின் வேகம் தள்ளாடும்; தலைச்சாய்வைத் திருத்தவும் இடம் இருக்காது. பழுது பார்க்கப்பட்ட ஒரு பழைய கசெற் ‘டெக்’ அவற்றைவிடப் பலமடங்கு மேல். புதிய இறப்பர் பட்டி போட்டு, தலையையும் நாடாவை இழுக்கும் அச்சையும் ஐசோபுரொப்பைல் அற்ககோல் தொட்ட பஞ்சால் ஒவ்வொரு கசெற்றுக்கு முன்னும் துடையுங்கள். இறப்பர் உருளையில் அற்ககோலைத் திரும்பத் திரும்பப் பூசினால் அது வெடிக்கும் என்பதால் அதற்கு மட்டும் ஈரத்துணி போதும்.

இனிச் சொல்லப்போவது தொகுப்பின் ஒலித்தரத்தைத் தீர்மானிக்கும் ஒரே விடயம் என்றே கூறுவேன். கருவியின் தலையில் ஒரு நுண்ணிய இடைவெளி உண்டு. அது நாடாவின் ஓட்டத்துக்குச் சரியாகச் செங்குத்தாக நிற்க வேண்டும். ஆனால் 1980 இல் பதிந்த கருவியின் தலை சற்றுச் சாய்ந்து நின்றிருந்தால், இன்று அதை ஓட்டும் கருவியின் தலையும் அதே சாய்வில் நின்றால்தான் சலங்கை, சிம்பல், கிற்றார்த் தந்தியின் கூர்மை ஆகியவை திரும்ப வரும். தலையின் பக்கத்தில் வில்லுக்கு மேல் உள்ள சிறிய திருகாணியே அதைச் சரிசெய்வது. இடது, வலது ஒலிகளை ஒன்றாகச் சேர்த்து ஹெட்ஃபோனில் கேட்டுக்கொண்டு, சிறிய திருப்புளியால் அந்தத் திருகாணியை எட்டில் ஒரு பங்குச் சுற்று இப்படியும் அப்படியும் திருப்பினால், ஓரிடத்தில் திரை விலகியதுபோல ஒலி தெளியும். அங்கே நிறுத்துங்கள். இதை ஒவ்வொரு கசெற்றுக்கும், சில வேளை ஒவ்வொரு பக்கத்துக்கும், புதிதாகச் செய்ய வேண்டும். நாங்கள் முதலில் இதை அறியாமல் ஒரு கடையில் கொடுத்துப் பதிவித்தோம். அங்கே மங்கலாகப் பதிந்ததை ‘நாடாவே இவ்வளவுதான்’ என்று சொல்லிவிட்டார்கள். மூன்று மாதம் கழித்து அதே கசெற்றை நாமே சாய்வு திருத்தி ஓட்டியபோது, பாட்டின் நடுவே மாமா கூட்டாளியைப் பார்த்து “ரெண்டாம் சரணம்!” என்று கத்துவது தெளிவாகக் கேட்டது.

கணினியில் 24 பிற், 96 கிலோஹேர்ட்ஸ் அளவில் வேவ் கோப்பாகப் பதியுங்கள். அனைத்துலக ஒலி ஆவணக் காப்பாளர் சங்கம் பரிந்துரைக்கும் குறைந்தபட்ச அளவு 24 பிற், 48 கிலோஹேர்ட்ஸ். வன்தட்டில் இடம் இருக்கும்போது அதற்கு மேலே போவதில் நட்டமில்லை. ஒரு மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 2 ஜிகாபைற் பிடிக்கும். 60 நிமிடக் கசெற்றுகள் 11 என்றால் மொத்தம் 23 ஜிகாபைற் அளவே ஆகும். மிக உரத்த இடத்திலும் அளவுமானி −6 டெசிபெல்லைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இலவசமாகக் கிடைக்கும் ஓடாசிற்றி மென்பொருள் இதற்குப் போதுமானது. இப்படிப் பதிந்த மூலக் கோப்பை ஒருபோதும் திருத்தக்கூடாது. எல்லாத் திருத்தங்களையும் அதன் பிரதியில் செய்யுங்கள்.

வேகத்தை மின்சாரத்தின் முனகலால் அளத்தல்

பழைய கசெற் பாடல்கள் சற்று வேகமாகவோ மெதுவாகவோ கேட்பது வழக்கம். மெலிந்த பற்றரியில் ஓடிய கருவியில் பதிந்தது இன்று வேகமாகக் கேட்கும். பாடகரின் குரல் சிறுவன் குரலாக மாறி நிற்கும். காதை மட்டும் நம்பி இதைத் திருத்தக்கூடாது. கொட்டிலில் கிற்றாரை எந்தச் சுருதிக்குக் கூட்டினார்கள் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

ஆனால் கொட்டிலுக்கு வந்த மின்சாரம் ஓர் அளவுகோலை விட்டுச் சென்றிருக்கிறது. இலங்கையின் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். அம்பிளிஃபயரின் முனகல் 50 இலும் அதன் இரட்டிப்பான 100 இலும் நாடாவில் பதிந்திருக்கும். பாடல்களுக்கு இடையே அனைவரும் மௌனமாக இருக்கும் சில வினாடிகளைத் தெரிவு செய்து, மென்பொருளின் அதிர்வெண் வரைபடத்தில் அந்த முனகலின் கூர்முனை எங்கே நிற்கிறது என்று பாருங்கள். 100 இல் நிற்க வேண்டியது 106 இல் நின்றால் நாடா 6 சதவீதம் வேகமாக ஓடுகிறது, அதாவது சுருதி ஏறத்தாழ அரைக் கட்டை உயர்ந்துள்ளது என்று பொருள். வேகத்தையும் சுருதியையும் ஒன்றாக மாற்றும் கட்டளையால் அந்த விகிதத்தைக் குறைத்துவிடுங்கள். சுருதியை மட்டும், அல்லது தாளத்தை மட்டும் மாற்றும் கட்டளைகள் இதற்கு உதவா.

இதில் மூன்று பொறிகள் உண்டு. ஓட்டும் கருவியும் தன் பங்குக்கு 50 ஹேர்ட்ஸ் முனகலைச் சேர்க்கும். இயலுமானால் இந்த அளவீட்டுக்கு மட்டும் பற்றரியில் ஓடும் கருவியையும், மின்னிணைப்பைக் கழற்றிய மடிக்கணினியையும் பயன்படுத்துங்கள். இரண்டாவதாக, பேஸ் கிற்றாரின் தாழ்ந்த ‘ஜி’ சுரம் 49 ஹேர்ட்ஸில் ஒலிப்பதால், பாட்டு நடக்கும் இடத்தில் அளந்தால் ஏமாந்துபோவீர்கள். மூன்றாவது நம் ஊருக்கே உரியது: திருவிழா மேடைக்கு ஜெனரேற்றரில் மின்சாரம் எடுத்திருந்தால், சுமைக்கு ஏற்ப அதன் வேகம் ஏறி இறங்கியிருக்கும், அந்த முனகலை நம்ப முடியாது. அப்படியான நிகழ்ச்சிக்கு, குழுவினரிடம் அந்தப் பாட்டை எந்தக் கட்டையில் பாடினார்கள் என்று கேட்பதே வழி.

இதே முனகல் இன்னொரு உதவியும் செய்யும். ஒரே பாட்டு மூன்று கசெற்றுகளில் இருந்தால், எது மூலம், எது பிரதியின் பிரதி என்று கண்டுபிடிக்க வேண்டும். பிரதி எடுத்த கருவி தன் முனகலையும் சேர்த்திருக்கும் என்பதால், வரைபடத்தில் ஒன்றுக்கு அருகே ஒன்றாக இரண்டு கூர்முனைகள் தெரிந்தால் அது பிரதி. ஒற்றைக் கூர்முனையும் குறைந்த இரைச்சலும் உள்ளதைத் தொகுப்புக்கு எடுங்கள்.

எதைத் துடைப்பது, எதை விடுவது

மென்பொருளின் இரைச்சல் நீக்கியை அளவுக்கு மீறிப் பயன்படுத்தினால், சிம்பலின் நீட்சி தண்ணீருக்குள் கேட்பதுபோல ஆகிவிடும். வால்வு றேடியோவின் கரகரப்பு அந்த நீக்கிக்கு இரைச்சலாகவே தெரியும். அதையும் அது தின்றுவிடும். ஆகவே நாங்கள் முனகலின் 50, 100 ஹேர்ட்ஸ் புள்ளிகளை மட்டும் ஒடுக்கமாகக் குறைத்து, நாடா கசங்கிய இடத்து வெடிப்பொலிகளைக் கையால் எடுத்துவிட்டு, மற்றெல்லாவற்றையும் அப்படியே விட்டோம். கொட்டில் தகரத்தில் மழை அடிக்கும் சத்தமும், ஒரு பாட்டின் இறுதியில் யாரோ தேத்தண்ணிக் கோப்பையை வைக்கும் சத்தமும் தொகுப்பில் இருக்கின்றன. எல்லாப் பாடல்களையும் ஒரே உரப்புக்கு நசுக்குவதையும் தவிர்த்தோம். மெல்ல ஆரம்பித்து உரக்க முடியும் பாட்டு அப்படியே இருக்க வேண்டும்.

குழுவினரின் கூச்சமே இதில் எதிர்பாராத தடையாக இருந்தது. மாமா ஒரு பாட்டைக் கேட்டதும், “இதில நான் சுருதி விட்டிட்டன். இத மட்டும் போடாத மனே,” என்றார். அந்தப் பாட்டில்தான் ஐவரின் உற்சாகமும் உச்சத்தில் இருந்தது. நாங்கள் அவரை வற்புறுத்தவில்லை. மற்ற நால்வரையும் அழைத்து, விறாந்தையில் இருத்தி, தொகுப்பு முழுவதையும் முதலிலிருந்து போட்டுக் காட்டினோம். அந்தப் பாட்டு வந்தபோது டிரம்ஸ்காரர் தொடையில் தாளம் போடத் தொடங்கினார். மாமா பிறகு ஒன்றும் சொல்லவில்லை. பாட்டு தொகுப்பில் இடம்பெற்றது. அவர் அதற்குப் பின்னும் மறுத்திருந்தால் அதை எடுத்திருப்போம். பாடியவரின் விருப்பம் தொகுப்பாளரின் விருப்பத்துக்கு மேலானது.

உரிமை

இலங்கையின் 2003 ஆம் ஆண்டு 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, ஒரு பாட்டின் வரிகளுக்கும் மெட்டுக்கும் உரிய பதிப்புரிமை அதை ஆக்கியவரின் ஆயுட்காலமும் அதற்குப் பின் 70 ஆண்டுகளும் நீடிக்கும். வாசித்தவர்களுக்கும் ஒலிப்பதிவைத் தயாரித்தவருக்கும் தனியான உரிமைகள் உண்டு. ஆகவே பாட்டு எழுதியவர், மெட்டமைத்தவர், வாசித்தவர்கள் அனைவரிடமும், காலமானவர்களாயின் அவர்களின் வாரிசுகளிடமும், எழுத்தில் சம்மதம் பெறுங்கள். ஒருவர் கனடாவிலும் மற்றவர் பாண்டிருப்பிலும் இருக்கலாம்; ஒரு பக்கத் தமிழ்க் கடிதம் போதும், ஆனால் வருமானம் வந்தால் எப்படிப் பங்கிடுவது என்பது அதில் தெளிவாக இருக்க வேண்டும். திரைப்பட மெட்டுகளை வாசித்த பாடல்களை நாங்கள் முற்றாக விலக்கினோம். 11 கசெற்றுகளில் பாதிக்கு மேற்பட்டவை அவைதான். மனம் வலித்தாலும், குழுவின் சொந்தப் பாடல்கள் மட்டும் நின்றபோது அவர்கள் யார் என்பது இன்னும் தெளிவாகத் தெரிந்தது.

குறிப்பேடும் பாடல் வரிசையும்

லெனி கேயின் தொகுப்பில் பாடல்களுக்கு இணையாக அவர் எழுதிய குறிப்புகளும் பேசப்பட்டன. ஒரு தொகுப்புக்குக் குறிப்பேடு அவ்வளவு முக்கியம். ஒவ்வொரு பாட்டுக்கும் யார் எதை வாசித்தார், எங்கே, எந்தக் கருவியில் பதிந்தது என்பவற்றை எழுதுங்கள். இந்த விவரங்கள் குழுவினரின் நினைவில் மட்டுமே இருப்பதால், ஒலிவேலை முடியும் வரை காத்திராமல், முதல் வாரத்திலேயே அவர்களிடம் போய் இருந்து கேட்டுப் பதிய வேண்டும். ‘எந்த ஆண்டு?’ என்று கேட்டால் பதில் வராது. ‘சூறாவளிக்கு முன்னமா, பின்னமா? மாமாங்கக் கோவில் தீர்த்தத் திருவிழாவுக்கு வாசித்ததா? அக்காவின் கலியாணம் முடிந்திருந்ததா?’ என்று கேட்டால் ஆண்டு தானாக வரும். அறிவிப்பாளரின் குரலோ, பின்னணியில் ஒலிக்கும் றேடியோச் செய்தியோ நாடாவில் சிக்கியிருந்தால் அதையும் கவனித்துக் கேளுங்கள். உறுதியாகாத இடத்தில் ‘1980 அல்லது 1981’ என்றே எழுதுங்கள். பெயர்களை அவரவர் எழுதும் எழுத்திலேயே போடுங்கள். ஒலிபெருக்கி கட்டியவரின் பெயரும், கொட்டிலை இலவசமாகத் தந்தவரின் பெயரும் விடுபடக் கூடாது.

வரிசையைப் பொறுத்தவரை, நாங்கள் காலவரிசையையே பின்பற்றினோம். முதற்பாட்டில் தடுமாறும் டிரம்ஸ், ஏழாம் பாட்டில் காலூன்றி, கடைசிப் பாட்டில் குழு முழுவதையும் இழுத்துச் செல்வதைக் கேட்பவர் உணர முடிகிறது. நல்ல பாட்டை முதலில் வைக்கும் வழக்கமும் உண்டு. ஆரம்பகாலப் பதிவுகளுக்கு அது பொருந்தாது என்பது என் எண்ணம். மொத்த நேரம் 74 நிமிடத்துக்குள் நின்றால் ஒரே இறுவட்டில் அடங்கும்.

வெளியிடுவதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சிறு எண்ணிக்கையில் இறுவட்டுகளை அடித்து, வீட்டாருக்கும் நூலகங்களுக்கும் கொடுத்துவிட்டு, மற்றவர்கள் இணையத்தில் பெற வழிசெய்தோம். இறுவட்டுக் கருவி இல்லாத வீடுகளுக்குப் பென் டிரைவில் கொடுத்தோம்.

மூலக் கோப்புகளை மூன்று இடங்களில் வையுங்கள். அவற்றில் ஒன்று கட்டாயம் ஊருக்கு வெளியே இருக்க வேண்டும். ஒரே வெள்ளத்தில் எல்லாம் போவதை நாம் பார்த்தவர்கள். நூலகம் நிறுவனம் ஈழத்து ஆவணங்களை இலத்திரனியல் வடிவில் பாதுகாத்து வருகிறது. கல்லடியிலேயே சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது. இத்தகைய இடங்களை அணுகி, திருத்தாத மூலக் கோப்பு, திருத்திய கோப்பு, குறிப்பேடு ஆகிய மூன்றையும் சேர்த்தே ஒப்படைக்கக் கேளுங்கள். கசெற்றுகளை ஒரு முறை இறுதிவரை ஓட்டி, நடுவில் நிறுத்தாமல் முழுமையாகச் சுற்றி, நிமிர்த்தி அடுக்கி, ஒலிபெருக்கியிலிருந்தும் வெயிலிலிருந்தும் தள்ளி வையுங்கள். எங்கள் 11 கசெற்றுகளும் புதிய பிளாஸ்ரிக் பெட்டியில், சிலிக்கா ஜெல்லுடன், மாமாவின் அலுமாரியின் மேல் தட்டிலேயே திரும்ப வைக்கப்பட்டுள்ளன. பிஸ்கற் ரின்னை மாமி எறிய விடவில்லை. அதற்குள் இப்போது சம்மதக் கடிதங்கள் இருக்கின்றன.